ஒரு ரிப்போர்ட்டும் வராத ஆஸ்பத்திரி

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது, நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்கள். நாங்கள் பல வருடம் பராமரித்த ஆஸ்பத்திரி மென்பொருளுக்கு க்ராஷ் ரிப்போர்ட் கருவியைப் புதிதாக எழுதப் போகிறார்களாம். எழுதித் தர மூன்று தரப்பு முன்வந்திருக்கிறதாம். யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் 'அனுபவசாலி' என்ற முறையில் நானும் உட்கார வேண்டுமாம்.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. என்ன அனுபவம் என்று தெரிந்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரியில் முடியவில்லை. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

க்ராஷ் ரிப்போர்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் திடீரென்று செத்து விழும், திரை மூடிக்கொள்ளும். விழும் நேரத்தில் அது எந்த வேலையில் இருந்தது, அந்த வேலையை அதற்குக் கொடுத்தது எது, அதற்கும் முன்னால் எது என்று வரிசையாகக் குறித்து, எழுதியவர்களுக்கு அனுப்பிவைக்கும் சிறு கருவி அது. எங்களுடையது கட்டற்ற மென்பொருள். யாரும் விலையில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். வாடிக்கையாளர் என்று யாரும் இல்லாததால் போன் போட்டுத் திட்டுகிறவரும் இல்லை. எங்கோ ஓர் ஊரில் விழுந்தது என்ற செய்தி அந்தக் கருவி வழியாக வந்தால்தான் உண்டு.

நான் திருத்தணிக்காரன். டிப்ளமோ படித்தேன், கொஞ்ச காலம் டிவி ரிப்பேர் பார்த்தேன், ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் பதினோரு வருடம் இருந்தேன், பிறகு சென்னையில் இந்த மென்பொருளை நடத்தும் அறக்கட்டளையில் சேர்ந்தேன். வேலை கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் காலை ரயிலில் தூங்கிக்கொண்டு போனேன், ஒருநாள் விழித்தபோது வேலை தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மென்பொருளை ஏற்றிக் கொடுத்து, அங்கே தட்டச்சு செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அவர்களை எல்லா இடத்திலும் ஆபரேட்டர் என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் பெண்கள்.

எங்களுக்குத் தலைமை கஸ்தூரி மேடம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு க்ராஷ் ரிப்போர்ட்டைக் கொடுத்தால் திரையில் படிக்க மாட்டார், தாளில் அச்சடித்துத் தர வேண்டும். ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்துக் கடைசி வரிக்குக் கீழே வைப்பார். மென்பொருள் உயிர்விட்ட இடம் அந்தக் கடைசி வரிதான். அதைப் படித்து முடித்ததும் ஸ்கேலை ஒரு வரி மேலே தள்ளுவார். அப்புறம் இன்னொரு வரி. சில ரிப்போர்ட்டில் அறுபது வரி இருக்கும். அறுபதையும் அப்படித்தான் படிப்பார். அதுவரை அறையில் யாரும் பேசக் கூடாது. பொறுக்க முடியாமல் யாராவது, "இது அந்தப் பையன் எழுதின பகுதி மேடம்" என்று வாயைத் திறந்தால், ஸ்கேலை அப்படியே நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுவார்.

"யாருன்னு நான் கேக்கலையே. என்ன நடந்ததுன்னுதானே கேட்டேன்" என்பார்.

குரல் உயராது. ஆனால் பேசியவர் அன்று முழுக்கத் தலை நிமிர மாட்டார். 'யார்' என்ற சொல் அந்த அறைக்குள் வரக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தைப் பற்றி வெளியூர்களில் நான் பெருமையாகப் பேசியிருக்கிறேன். அது அந்த ஓர் அறைக்குள் மட்டும்தான் செல்லுபடி என்பது அப்போது உறைக்கவில்லை.

ஆரம்பத்தில் எங்களிடம் க்ராஷ் ரிப்போர்ட் கருவி கிடையாது. ஆபரேட்டர்கள் போனில், "சார், அதுவே மூடிக்கிச்சு" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே ஒன்று கட்ட முடிவு செய்தோம். கட்டுவதற்கு இரண்டு பேர் வந்தார்கள்.

ஒருவர் அரவிந்த். பெரிய கல்லூரியில் படித்தவர், பெங்களூரில் பெரிய வேலை, ஓய்வு நேரத்தில் எங்களுக்குத் தொண்டாக எழுதிக் கொடுப்பார். அவர் எழுதிய நிரலைப் படித்தால் குறை சொல்ல இடமே இருக்காது. இன்னொருவர் தனலட்சுமி. தனம் என்போம். திருத்தணியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஓர் ஆஸ்பத்திரியில் நாலு வருடம் ஆபரேட்டராக இருந்துவிட்டு, தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு எங்களிடம் வந்தவள். சேர்த்துவிட்டது நான்தான்.

மேடம் முறை வகுத்தார். இரண்டு பேரும் இரண்டு வாரத்தில் ஆளுக்கொரு மாதிரி செய்து காட்ட வேண்டும். பிறகு எங்கள் கூடத்தில் வைத்து மென்பொருளை வேண்டுமென்றே இருபது தடவை விழவைப்போம். எத்தனை ரிப்போர்ட் வந்து சேர்கிறது, எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்ப்போம்.

அரவிந்தின் கருவியில், மென்பொருள் விழுந்ததும் ஒரு பெட்டி திறக்கும். ஆபரேட்டரின் பெயர் அதில் தானாகவே நிரம்பியிருக்கும். 'மென்பொருள் நின்றபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று ஒரு கேள்வி. கீழே 'அனுப்பு', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான். அனுப்பினால் அது எங்கள் பொதுப் பட்டியலில் ஏறும். உலகத்தில் யாரும் பார்க்கலாம். எதையும் ஒளித்து வைப்பதில்லை என்பது எங்கள் கொள்கை.

தனத்தின் கருவியில் கேள்வியும் இல்லை, பொத்தானும் இல்லை. ஆபரேட்டர் பெயர், நோயாளி பெயர் எதையும் அது தொடாது. ரிப்போர்ட்டை மெஷினிலேயே வைத்துக்கொண்டு, நெட் நன்றாகக் கிடைக்கும்போது அனுப்பும். திரையில் ஒரே ஒரு வரி வரும்: 'மென்பொருள் நின்றுவிட்டது. இது உங்கள் தவறு அல்ல.'

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். "மென்பொருள் சமாதானம் சொல்லுதா?" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

அரவிந்த் சிரிக்கவில்லை. "கேக்காம ஒருத்தர் மெஷின்லேர்ந்து தகவல் எடுக்கறது நம்ம கொள்கைக்கே விரோதம் மேடம்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

"ஆஸ்பத்திரியாண்ட ஒரு தபா கையெழுத்து வாங்கிக்கலாங்க" என்றாள் தனம். "அவரு பெட்டியை யாரும் அனுப்ப மாட்டாங்க மேடம். நான் அந்த நாற்காலியில நாலு வருசம் உக்காந்துகினு இருந்தவ. கம்ப்யூட்டர் நின்னுச்சுன்னா மொதல்ல கேக்குறதே 'நீ இன்னா பண்ண'ன்னுதான். இதுவும் அதையே கேக்குது. பேரு வேற போடுது."

இருபது தடவை விழவைத்தோம். அரவிந்தின் கருவியில் இருபது ரிப்போர்ட்டும் வந்தன. தனத்தின் கருவியில் பதினாலு. மீதி ஆறு, நெட்டுக்காகக் காத்துக்கொண்டு மெஷினிலேயே நின்றுவிட்டன. பொத்தானை அமுக்கியவர்கள் நாங்கள். 'அனுப்பு' என்பதை அமுக்க எங்களுக்கு என்ன பயம்?

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் ஊர் ஊரா போறவர். ஆபரேட்டர்களை எங்களைவிட உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க, அதையே நானும் சொல்றேன்."

தனம் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். மறைக்காமல் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் இருந்தவன் நான். கம்ப்யூட்டர் நின்றால் ஆபரேட்டர் முதலில் சுற்றும் முற்றும் பார்ப்பாள், யாராவது கவனித்தார்களா என்று. ஆனால் அந்த நிமிடம் என் மனதில் ஓடியது வேறு. தனம் என் ஊர்ப் பெண், நான் சேர்த்துவிட்டவள், காலையில் ஒரே ரயிலில் வருகிறோம். இவளுக்குக் கொடுத்தால் நாலு பேர் வாயில் விழ வேண்டும். அரவிந்தைச் சொன்னால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. அரவிந்த் மாதிரி ஆள் என்னை மதிக்க வேண்டும் என்ற அற்ப ஆசை.

"அரவிந்த்" என்றேன்.

அன்று திரும்பும் ரயிலில் தனம் பெண்கள் பெட்டியில் ஏறாமல் நான் இருந்த பெட்டிக்கே வந்தாள். மணவூரில் வண்டி நின்றபோது, "உங்களுக்குத் தெரியும் இல்ல சார்?" என்று மட்டும் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கருவி எல்லா இடத்துக்கும் போனது. முதல் மாதம் ரிப்போர்ட் நிறைய வந்தது. அடுத்த மாதம் குறைந்தது. அப்புறம் மேலும் குறைந்தது. மென்பொருள் தேறிவிட்டது என்று நினைத்தோம். ஆண்டுக் கூட்டத்தில் கோடு சரசரவென்று கீழே இறங்குவதைத் திரையில் போட்டுக் காட்டினார்கள், எல்லோரும் கைதட்டினோம். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பல மாதமாக ஒரு ரிப்போர்ட்கூட வரவில்லை. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி, கனகம்மாசத்திரம் போகிற சாலையில் இருக்கும் சிறிய தர்ம ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதை மற்றவர்களுக்கு முன்மாதிரியாக மேடையில் சொன்னவன் நான்தான்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன்பே அங்கே ஒருமுறை போயிருந்தேன். ஆபரேட்டர் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எங்கள் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்து மேனேஜர் அச்சடித்து வைத்தது. எந்த ஆபரேட்டர், எத்தனை தடவை. முதல் பெயர் சுமதி, நாலு தடவை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு.

"உங்க சிஸ்டம் நல்லா உதவியா இருக்குதுங்க" என்றார் மேனேஜர். "யாரு கெடுக்குறாங்கன்னு கண்டுபுடிச்சிடலாம். இத ஒட்டின நாள்லேர்ந்து பாருங்க, ஒருத்தரும் கெடுக்குறதில்ல."

சுமதி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் ரிப்போர்ட் ஆளைப் பிடிப்பதற்கு இல்லை என்பதை அவருக்கு முன்னால் வைத்து மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். தாளைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். மேனேஜர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த நோயாளி முனுசாமி, ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். இதயத்தில் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டுவந்தார். இந்த மாத்திரையில் அளவுதான் உயிர். குறைந்தால் உறையும், கூடினால் உள்ளேயே கசியும். இதய நோயாளிகள் வருகிற நாளில் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவருக்கும் அதே மாத்திரைதான், அளவு மட்டும் மூன்று மடங்கு. முன்னவருடைய மருந்துச் சீட்டைச் சேமிக்கும்போது மென்பொருள் விழுந்தது. மறுபடி திறந்ததும், பாதியில் நின்ற சீட்டை அது தானாகவே மீட்டுக் கொடுக்கும். நல்ல எண்ணத்தில் யாரோ எழுதிய வசதி. ஆனால் அந்தச் சில நொடிக்குள் ஆபரேட்டர் அடுத்தவர் பெயரைத் திறந்துவிட்டால், மீட்ட சீட்டு அடுத்தவர் பேரில் ஒட்டிக்கொண்டது. வெளியே நாற்பது பேர் நிற்கும்போது எந்த ஆபரேட்டர் சில நொடி காத்திருப்பார்? மாத்திரையின் பெயர் மாறாததால் மருந்து கொடுத்தவருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு வாரத்துக்குள் முனுசாமிக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. இறந்துவிட்டார்.

விசாரணை என்று கூப்பிட்டார்கள். மென்பொருள் தரப்பிலிருந்து நான் போனேன். மேனேஜர் அறை. மேனேஜர், ஒரு டாக்டர், நான், முனுசாமியின் மகன் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். சுமதி நின்றுகொண்டிருந்தார்.

மகன் தறிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையில் நூல் தூசி. கையில் அந்தச் சீட்டு. "சீட்டுல போட்டிருந்தாப்லதான் குடுத்தேங்க" என்றான். "நைனாகூடக் கேட்டாரு, இன்னாடா இவ்ளோ மாத்திரைன்னு. டாக்டரு ஏத்தியிருப்பாரு, முழுங்கு நைனான்னு நான்தான் சொன்னேன்."

டாக்டர் எழுதிய மூலச் சீட்டில் அளவு சரியாக இருந்தது. ஆகவே தட்டியவள்தான் தப்பாகத் தட்டியிருக்கிறாள் என்றார் மேனேஜர். சுமதியிடம் நான் கேட்டேன்.

"அன்னிக்கு மென்பொருள் எப்பவாவது நின்னுச்சாம்மா? தானா மூடிக்கிச்சா?"

அவர் மேனேஜரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இல்லீங்க சார். நான் ஒண்ணும் பண்ணலீங்க."

எங்கள் பொதுப் பட்டியலிலும் ஒன்றும் இல்லை. 'மென்பொருள் நின்றதாக ஆபரேட்டர் கூறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மேஜையிலேயே சுமதியிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினார்கள், தன் கவனக்குறைவால் நேர்ந்தது என்று. பேனா என்னுடையது. அன்றோடு அவருக்கு வேலை போயிற்று.

மறுநாள் தனத்திடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அவங்களைக் கேக்கும்போது மேனேஜர் ரூம்ல இருந்தாரா சார்?" என்றாள்.

"ஆங், இருந்தாரு."

"அப்போ அது பதிலே இல்ல."

அன்று மத்தியானமே கிளம்பி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். எந்த மென்பொருள் எப்போது, எந்த இடத்தில் விழுந்தது என்று கம்ப்யூட்டரே தன் பாட்டுக்கு ஒரு குறிப்பு வைத்திருக்கும், அதை யாரும் அழிப்பதுமில்லை, பார்ப்பதுமில்லை. நாங்களும் பார்த்ததில்லை, எங்களுக்குத்தான் கருவி இருக்கிறதே. தனம் அதை எடுத்து அச்சடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் பட்டியலில் ஒன்றுகூட இல்லாத அந்த மாதங்களில் அந்த ஒரு மெஷினில் மட்டும் மென்பொருள் நாற்பத்தொரு முறை விழுந்திருந்தது. முனுசாமி வந்த அன்று மூன்று முறை. அதில் ஒன்று, அவர் சீட்டு அச்சாவதற்குச் சற்று முன்பு. நாற்பத்தொரு முறையும் பெட்டி திறந்து கேள்வி கேட்டிருக்கிறது. நாற்பத்தொரு முறையும் 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

மேடம் ஸ்கேலை வைத்துப் படித்தார். சீட்டைச் சேமிக்கும் வரிக்கு வந்ததும் ஸ்கேல் நின்றது. பக்கத்து மெஷினில் சேமிக்கும்போது விழவைத்து, மறுபடி திறந்ததும் அடுத்தவர் பெயரை எடுத்துப் பார்த்தோம். முதல் நோயாளியின் மருந்து இரண்டாவது நோயாளியின் பேரில் வந்து உட்கார்ந்தது. மறுபடி செய்தோம். மறுபடியும் வந்தது. மேடம் எழுந்து போய் வராந்தாவில் நின்றுகொண்டார். பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒரு ரிப்போர்ட்டைப் பாதியில் விட்டு எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிழையை இரண்டு நாளில் திருத்தினோம். பொதுப் பட்டியலில் ஒரு பத்தி போட்டோம். 'சில சூழலில் முந்தைய நோயாளியின் விவரம் அடுத்தவருக்குச் செல்ல வாய்ப்பிருந்தது, சரிசெய்யப்பட்டது.' ஓர் ஆள் செத்த விஷயம் அதில் இல்லை. எதையும் ஒளிப்பதில்லை என்று மார்தட்டியவர்கள் நாங்கள். அறக்கட்டளையின் வக்கீல், இறந்தவர் குடும்பத்திடமோ அந்த ஆபரேட்டரிடமோ யாரும் பேசக் கூடாது என்றார். மேடம் கேட்கவில்லை, நடந்ததை எழுதி ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஊழியர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுவிட்டார், விஷயம் முடிந்துவிட்டது என்று மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. குடும்பத்திடம் நேரில் போவோம் என்று அறங்காவலர்களிடம் மேடம் சண்டை போட்டார். அவர்கள் விடவில்லை. சில மாதத்தில் மேடம் விலகிவிட்டார். நான் வக்கீல் பேச்சைக் கேட்டேன். போகக் கூடாது என்று சொன்னதில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

அரவிந்தைப் பற்றித் தப்பாக நினைக்க வேண்டாம். அவர் நிரலில் பிழை இல்லை. விஷயம் தெரிந்ததும் போனில் அழுதார். அதன் பிறகு எங்களுக்கு ஒன்றும் எழுதவில்லை.

கருவி தனத்திடம் போயிற்று. அவள் கருவி ஓடத் தொடங்கிய முதல் வாரம் வந்து குவிந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நாங்கள் பயந்துவிட்டோம். கைதட்டிய நாட்களிலும் அத்தனை விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசி ஆறு வருடம் தனத்துக்குக் கீழே வேலை பார்த்தேன். பழைய கதையை அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று பலமுறை தோன்றியிருக்கிறது.

ஆகவே தம்பிகளே, மூன்று தரப்பில் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அந்த நாற்காலிக்கு லாயக்கில்லாதவன். தனத்தைக் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன். சோதனையை உங்கள் கூடத்தில் வைத்து நடத்தாதீர்கள். முதுகுக்குப் பின்னால் மேனேஜர் நிற்கிற ஓர் அறையில் வைத்து நடத்துங்கள். எந்தக் கருவி அங்கே பேசுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் உங்கள் மின்னஞ்சல் வந்த மறு வாரம் நான் சுமதியைத் தேடிப் போனேன். நான் ஓய்வு பெற்றதோடு வக்கீல் போட்ட தடை முடிந்துவிட்டது. நான்தான் போகாமல் இருந்தேன். தனம் அன்று எடுத்த அந்தத் தாளின் நகல் ஒன்று என்னிடம் இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் வேலைக்குத் திரும்பப் போவதில்லை. ஆனால் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடு அவர் இருக்கக் கூடாது. அதையாவது எடுத்துவிடலாம் என்று நம்பித்தான் போனேன்.

கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் கணவரோடு டிபன் கடை வைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "உக்காருங்க சார்" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். கணவர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து, "பாவா, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் சார் இவரு" என்றார். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டார்.

தாளை விரித்து வைத்தேன். தேதியைக் காட்டினேன், நேரத்தைக் காட்டினேன். அன்று மென்பொருள் விழுந்தது, சீட்டை மாற்றி வைத்தது மென்பொருள்தான், உங்கள் கை இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அவரு பேரைத் தட்டச்சொல்லோ எம்பொண்ணு போன் பண்ணிச்சு. நான்தான் பாக்காம அமுக்கிட்டேன்."

"இல்லம்மா. அது மென்பொருள். இதோ பாருங்க, இந்த வரி."

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க சார். கை என்னுது. எனக்குத் தெரியாதா?" அதைக் கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. "கிருத்திகைக்குக் கிருத்திகை மலை ஏறி அவரு பேருல ஒரு வெளக்கு போட்டுகினு வரேன்."

நான் விடவில்லை. எங்கள் ஆட்கள் பத்துப் பேருக்கு இது தெரியும், திருத்தியும் விட்டோம், ஆஸ்பத்திரிக்கும் எழுதினோம் என்றேன். அப்போதுதான் தாளைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு அந்தக் குறிப்பு புரிந்திருக்காது, ஆனால் தேதி புரிந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"இது அப்பவே தெரியுமா சார் உங்களுக்கு?"

"தெரியும்."

கணவர் கல்லிலிருந்த தோசையை எடுக்காமல் நின்றார். அது கருகுகிற வாசனை வந்தது. சுமதி தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"வேல போன மறு மாசம் ஆர்.கே.பேட்டைக்குப் போனேன் சார், அவங்க வூட்டுக்கு. மூணு தபா போனேன். மொத ரெண்டு தபா கதவே தொறக்கல. மூணாந்தபா அவரு சம்சாரம் தொறந்தாங்க, கால்ல வுழுந்துட்டேன். 'போ, நீ வேணும்னேவா பண்ண?'ன்னு சொல்லித் தண்ணி குடுத்தாங்க. அந்தத் தண்ணியக் குடிச்சப்பறந்தான் எனக்குச் சோறு எறங்கிச்சு. இப்ப நீங்க போயி அது இவ இல்லன்னு சொன்னீங்கன்னா, அவங்க யார மன்னிப்பாங்க?"

"என்னை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வெறுப்பு இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது இல்லை.

"அப்போ நீங்களே போங்க சார்" என்றார். "திருத்தணியில எறங்கி டவுன் பஸ்ஸு. ஸ்கூலுக்குப் பின்னாடித் தெரு, பச்சைக் கதவு. ஒரு தபாவுல தொறக்க மாட்டாங்க."

திருத்தணியில் இறங்கினேன். ஆர்.கே.பேட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது, பாதிக்குமேல் காலி. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுங்க பெரியவரே, எடுக்கப் போறோம்" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அது நடந்து இருபது நாள் ஆகிறது. தினமும் காலையில் பஸ் நிலையம்வரை போகிறேன்.